படுக்காத நோய்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால், அடுத்த கேள்வி "படுத்துட்டாளா?" என்பதுதான். படுக்கவில்லை என்றால் அது நோய்க் கணக்கில் வராது. காய்ச்சலோடு சோறு வடித்தால் அது காய்ச்சல் இல்லை. வீங்கிய விரலோடு மல்லிகை கட்டினால் அது வீக்கம் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நான் பார்த்து வளர்ந்த பெண்களுக்கெல்லாம் இதுதான் சட்டம். யாரும் எழுதிவைக்காத சட்டம்.

போன ஆண்டு அதை அச்சிட்ட தாளிலேயே படித்தேன். என் அக்காவின் சிகிச்சைச் செலவைத் தர மறுத்து ஒரு காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் அது. இந்தச் சிகிச்சைக்கு 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஆகவே பணம் தர இயலாது என்றது. படுக்கவில்லை, ஆகவே நோய் இல்லை. வீடும் நிறுவனமும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

அக்காவுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. முப்பது வருடம் வீட்டில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றிய கை அவளுடையது. தறியில் உட்கார்ந்தவருக்குக் கூலி. தார் சுற்றியவளுக்குத் தனிக் கூலி கிடையாது. வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் மற்ற மாத்திரைகளும் போதாமல் போனபோது, மதுரை மருத்துவர் ரிடுக்சிமாப் எழுதினார். உயிரணுக்களை வளர்த்து அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் 'பயாலஜிக்' வகை மருந்து. முடக்குவாதத்துக்கு இதைத் தரலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2006இல். 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருந்தும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய தொகைதான்.

பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் ட்ரிப் ஏற்றுவார்கள். அக்கா காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போய் இரவு வீடு திரும்பிவிட்டாள். படுக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சிகிச்சையின் நன்மை. அதையே மறுப்புக்குக் காரணமாகக் காட்டினார்கள்.

விதி அவர்கள் பக்கம் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 நவீன சிகிச்சைகளைக் காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாது என்றது. உள்நோயாளியாகவோ, ஒரே நாளில் வீடு திரும்பும் டே கேர் முறையிலோ அவற்றைப் பெறலாம் என்றது. ஊசி வழியாகத் தரப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ரிடுக்சிமாப் அந்த வகை மருந்து.

ஆனால் அக்கா மேல்முறையீட்டுக்குச் சம்மதிக்கவில்லை. "விடு தாயி, எனக்கு எதுக்கு அம்புட்டுச் செலவு? புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா கேக்கலாம்" என்றாள். மாமியாரின் முதியோர் உதவித்தொகைக்காக விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை வரிசையில் எத்தனையோ முறை மனுவோடு நின்றவள் அவள். நமக்கு முறையிடத் தெரியாமல் இல்லை. அடுத்தவருக்காக முறையிடத் தெரியும். பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கண்ணகிகூடக் கணவனுக்காகத்தான் வழக்காடினாள். தன் உடம்புக்காக ஒரு பெண் மனு எழுதினால் அது ஏதோ பேராசை போலத் தெரிகிறது, அவளுக்கே.

அக்கா சொன்னதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, காப்பீடு பொதுப்பணம்தானே என்பது. நியாயமான கேள்வி. எல்லோரும் விலை உயர்ந்த மருந்தைக் கேட்டால் பிரீமியம் ஏறும். கட்ட முடியாதவர்கள் வெளியே விழுவார்கள். எல்லை வேண்டும்தான். ஆனால் எல்லை முன்கூட்டியே சொல்லப்பட்டதாக, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று பாலிசியிலேயே உச்சவரம்பு வைக்கலாம். அதைச் செய்யாமல், கேட்டவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் மறுபடி வரமாட்டார் என்று நம்புவது பொதுப்பணத்தைக் காப்பது ஆகாது. வாய் திறக்காதவரின் பங்கை எடுத்து வாய் உள்ளவருக்குக் கொடுப்பது அது. வாய் திறக்காமல் இருக்க நம் வீடுகளில் யாருக்குப் பழக்கம் கொடுத்திருக்கிறோம் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது: இந்தச் செலவுக்கு நான் தகுதியா? அமெரிக்க உளவியலாளர் கேரல் கில்லிகன் 1982இல் வெளியான தன் நூலில் பெண்களின் அறச்சிந்தனையைப் பற்றி எழுதினார். அடுத்தவரைப் பேணுவதே நன்மை என்ற நிலையோடு அது நின்றுவிடுவதில்லை. பேணப்பட வேண்டியவர்களில் தானும் ஒருத்தி என்று உணரும்போதே முதிர்கிறது என்றார். விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் எடுத்துக்கொள்ளவும் முடிகிற ஒருத்தி விட்டுக்கொடுத்தால்தான் அது குணம். எடுத்துக்கொள்ளும் வழியே இல்லாதவள் விடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டிப் பாராட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

கடைசியில் மனு போட்டோம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு. மருத்துவரின் கடிதம், டே கேர் பதிவு, மறுப்புக் கடிதம், 2019 வழிகாட்டுதலின் அந்தப் பக்கம் எல்லாம் இணைத்தோம். பழைய வரியே பதிலாக வந்தது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. காணொளி வழியாகவும் விசாரணை நடக்கும். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகும் வழி திறந்தே இருக்கும். பாலிசி அத்தான் பெயரில் இருப்பதால் கையெழுத்து அவருடையது.

நோயால் எதெல்லாம் முடியவில்லை என்று ஒரு தனித் தாளில் எழுதி இணைக்க நினைத்தேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். சோறு வடிக்க முடியலை. தண்ணிக்குடம் தூக்க முடியலை. பேரனை இடுப்புல வைக்க முடியலை. எல்லாமே அடுத்தவருக்கு முடியாதவை. "உனக்குன்னு எதுக்கா முடியலை?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என் கொண்டைய நானே போட முடியலை" என்றாள். அதை முதல் வரியாக மேலே எழுதினேன்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும், கேட்டது நியாயமா என்பதை அது முடிவு செய்யாது. ஆறு மாதம் கழித்து மருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கான கோரிக்கைப் படிவத்தை அக்காவே கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.