ஆவியா, புகையா?

மணிமேகலைக் காப்பியத்தில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை, அதாவது மெய்யறிவைத் தேர்ந்துகொள்ளும் வழியைக் கற்பிப்பதாகச் சாத்தனார் அமைத்த காதையில், ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத ஒன்றைப் புகையெனக் கொண்டு நெருப்பு உண்டெனத் துணிவது ஏதுப்போலி, அதாவது காரணம்போலத் தோன்றும் பிழை, என வகுக்கப்பட்டுள்ளது. காற்றிலுள்ள தூசியை அளக்கும் ஆய்வகம் எதிர்கொள்வதும் ஏறத்தாழ இதே ஐயத்தைத்தான்.

24 மணி நேரம் காற்று ஊடுருவிச் சென்ற வடிதாளை முன்னும் பின்னும் நிறுத்து, எடை வேறுபாட்டைக் காற்றின் கன அளவால் வகுத்தால் தூசியின் செறிவு கிடைக்கும். ஆனால் தாளும், ஈரக்காற்றில் எடை கூடும் பட்டு நூலைப்போல, ஈரத்தைக் குடிக்குமாதலால், இருமுறையும் ஒரே ஈரப்பதத்தில் வைத்து நிறுக்காவிட்டால் பனியே புகையாகக் கணக்கில் ஏறிவிடும். 2009-இல் இந்தியா நுண்தூசிக்கு வகுத்த நாள் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; இவ்வளவு சிறிய எடையில் ஈரத்தின் பங்கு அற்பமன்று.

கந்தக டை ஆக்சைடைக் காணும் வெஸ்ட்–கேக் முறையிலோ, பாராரோசனிலின் என்னும் சாயப்பொருள், அவ்வாயுவை உறிஞ்சிய கரைசலைச் செவ்வூதாவாக்குகிறது. அங்கே காண்டலுக்கு, அதாவது நேரடிப் புலனறிவுக்கு, எட்டுவது நிறம் மட்டுமே. வாயு கருதலால், அதாவது அனுமானத்தால், பெறப்படுவது. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறுக்கிட்டு நிறத்தைக் குலைக்காதிருக்கச் சல்ஃபாமிக் அமிலம் சேர்க்கப்படுவதை, ஏதுவைப் போலியினின்று காக்கும் செயல் என்றே அளவை நூலார் கொண்டிருப்பர்.