எத்தனை நாள் பொறுப்பது?



என் அக்காள் மகன் ஒருவன் பாலிடெக்னிக்கில் தொழில்முனைவு என்னும் பாடம் படித்து வருகிறான். வியாபாரத்தையும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் காலம் வந்துவிட்டதே என்று நம்மவர் சிலர் கேலி செய்கிறார்கள். மதரஸாவையும் ஆரம்பப் பள்ளியையும் தாண்டாத நான் எந்தப் படிப்பையும் கேலி செய்யத் துணிய மாட்டேன். பிள்ளை படிப்போடு நில்லாமல், கைத்தொலைபேசி வழியாக ஆயத்தச் சட்டைகளும் விற்றுப் பார்த்தான். ஐந்தாம் மாதம் கடைக்கு வந்து, "மாமா, விடாமுயற்சி வேண்டும் என்று வாத்தியாரும் சொல்கிறார், வாப்பாவும் சொல்கிறார். எத்தனை நாள் பொறுப்பது?" என்று கேட்டான்.

நம்மில் எவரும் சொல்லக்கூடிய பதிலையே நானும் சொன்னேன். "நாங்களெல்லாம் கடை கூட்டி, மூட்டை தூக்கி, மூன்று வருஷம் கழித்துத்தான் தராசைத் தொட்டோம். பொறு" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். இரவு கல்லாவை எண்ணிக் கட்டி வைத்த பிறகு, நான் சொன்ன பதில் எனக்கே உறுத்தியது.

அந்த மூன்று வருஷத்தில் நான் பொறுமையைத்தான் கற்றேனா, அல்லது வேறு போக்கிடம் இல்லாமல் கிடந்தேனா? பதினைந்தாம் வயதில் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தேன். கூட்டினேன், பொட்டலம் மடித்தேன், பாக்கி வசூலுக்குத் தெருத்தெருவாய் நடந்தேன். அரிசி என்ன விலைக்கு வந்தது, மொத்த வியாபாரி எத்தனை நாள் தவணை கொடுத்தார், மாத முடிவில் மிஞ்சியது என்ன என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. முதலாளி பேரேட்டைத் திறந்தால் என்னை வெளியே போகச் சொல்வார். அக்கடையின் கணக்கப்பிள்ளை ஒருவர், அல்லாஹ் அவர் கபுறை விசாலமாக்குவானாக, இஷாவுக்குப் பின் என்னை உட்கார வைத்து, சிட்டையிலிருந்து பேரேட்டில் பற்றும் வரவும் ஏற்றும் வகையைக் காட்டித் தந்தார். அவர் காட்டியது மூன்று மாதம்தான். இன்று என் கடை நிற்பது அந்த மூன்று மாதத்தின் மேலே. விளக்குமாறு பிடித்த மூன்று வருஷத்தின் மேலே அல்ல.

பொறுமையுள்ள மாணாக்கனைப் பற்றி நினைத்தால் எனக்கு மூஸா நபி (அலை) அவர்களின் சரித்திரமே முன்னால் வருகிறது. ஸூறத்துல் கஹ்ஃபில் அவர்கள் கல்வி தேடிப் போகிறார்கள். கிழ்று (அலை) அவர்களோ, என்னோடு உம்மால் பொறுத்திருக்க இயலாது என்று முதலிலேயே சொல்லி விடுகிறார்கள். மரக்கலம், சிறுவன், சுவர் என மூன்று இடத்திலும் மூஸா (அலை) அவர்களால் வாய் திறவாதிருக்க முடியவில்லை. மாணாக்கனின் அவசரத்துக்கு இதைத்தான் பயான்களில் உதாரணம் காட்டுவார்கள். நான் கவனித்தது வேறொன்று. பிரியுமுன் ஆசிரியர் மூன்றுக்கும் விளக்கம் சொல்லிவிட்டே பிரிகிறார். பொறுக்கத் தவறிய மாணாக்கனுக்கே விளக்கம் கிடைத்தது என்றால், வருஷக்கணக்கில் பொறுத்துக் கிடக்கும் கடைப்பையனுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? இதை மார்க்கத் தீர்ப்பாகச் சொல்லவில்லை. கடைக்காரன் ஒருவனின் நினைப்பு இது. பிழை இருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக.

அந்த மூஸா நபியே மத்யனில் வேலைக்கு அமர்ந்தபோது தவணை முதலிலேயே பேசப்பட்டது: 8 வருஷம், அவர்களாக விரும்பினால் 10. வேலைக்கு ஈடு இன்னதென்பதும், சிரமப்படுத்த நாடவில்லை என்பதும் அப்போதே பேச்சில் வந்துவிட்டன. எல்லை தெரிந்த பொறுமை மனிதனை நிமிர்த்துகிறது. எல்லை தெரியாததோ அவனைக் கூனாக்கிவிடுகிறது. ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்து நம் கடைகளில் உழைக்கும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பெர்மிட் முடிந்து திரும்பும்போது கையில் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது. தொழில் இருக்கிறதா?

இது முதலாளிகளின் பக்கம். தானே முதல் போட்டுக் கற்கிறவனுக்கு வேறு விதமான ஆபத்து உண்டு. அவனுக்கு எதிரே நின்று போதும் என்று சொல்ல ஆள் இல்லை. ஸூறத்துல் அஸ்றை நம்மில் ஓதாதவர் இல்லை. அதில் மனிதனுக்குச் சொல்லப்பட்ட குஸ்று என்னும் சொல் நம் நாளாந்தப் பேச்சில் உள்ள நஷ்டமேதான். அந்த நஷ்டத்திலிருந்து தப்புகிறவர்களின் குணங்களில் சத்தியத்தை ஏவுவது முன்னும், பொறுமையை ஏவுவது பின்னும் வருகின்றன. கணக்கில் சத்தியம் இல்லாதவன் பொறுமையாக இருப்பது, ஓட்டைக் குடத்தில் பொறுமையாகத் தண்ணீர் ஊற்றுவது போல.

அன்றியும், யாருடைய பணத்தில் பொறுக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. ஹிஜ்றத்து செய்து வெறுங்கையாக மதீனா வந்த அப்துர் றஹ்மான் இப்னு அவ்ஃப் (றலி) அவர்களுக்கு, ஸஃது இப்னு றபீஉ (றலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை ஏற்காமல் சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். ஷஹீதுக்குக்கூடக் கடன் மன்னிக்கப்படுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, மனைவியின் வளையலையும் மொத்த வியாபாரியின் பாக்கியையும் வைத்துக்கொண்டு 'நான் விடமாட்டேன்' என்பதை எப்படி ஸப்று என்று சொல்வது? 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நானும் அந்தத் தப்பைச் செய்தேன். கடையை மூடினால் மானம் போகும் என்று இரண்டாவது கடையைப் பத்து மாதம் கடன் வாங்கி இழுத்தேன். பலர் பாராட்டினார்கள். கடனை அடைக்க மூன்று வருஷம் ஆயிற்று.

மறு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மருமகனைக் கூப்பிட்டு, சட்டைக் கணக்கை எழுதச் சொன்னேன். 120 சட்டை வாங்கி 71 விற்றிருக்கிறான். விற்றதில் லாபம் என்று அவன் நினைத்திருந்தது, அனுப்பும் செலவைப் போட்டதும் சட்டைக்கு ஒன்றரை வெள்ளி நஷ்டமாக மாறியது. முதலில் பாதி உம்மாவின் சீட்டுப் பணம். அவன் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மிச்சச் சட்டைகளை ஞாயிறு சந்தையில் கையில் வைத்து விற்று உம்மாவின் பணத்தைத் தீர்ப்பதாகவும், மறுபடி வாங்குவதானால் தன் பகுதிநேரச் சம்பளத்தில் மட்டும் வாங்குவதாகவும் தானே சொன்னான். நோன்புப் பெருநாள் வரை தவணை வைத்திருக்கிறோம்.

என் கடையில் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். வியாழன் இரவுகளில் கதவை அடைத்ததும் பேரேட்டை அவர்கள் நடுவில் விரித்து வைக்கிறேன். முதல் வாரம் எனக்குக் கை கூசியது. கொள்முதல் விலையைப் பார்த்ததும் சின்னவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, சீனியில் இவ்வளவுதானா மிஞ்சுகிறது?" என்பதுதான்.