எழுத்துக் கூட்டிய மறைவல்லுநர்

புனித எரோணிமுஸ் என்றதும், ஜெரோம் என்றாலும் அவர்தான், நம் நினைவுக்கு வருவது சிங்கம். படத்தில் காலடியில் படுத்திருக்குமே, அதுதான். அந்தக் கதை உண்மையில் யோர்தான் கரையில் வாழ்ந்த கெரசிமுஸ் என்ற துறவியுடையது. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்ததில் இவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவருக்கு வரைகிற கர்தினால் தொப்பியும் அந்தக் காலத்தில் கிடையாது. சிங்கம் போகட்டும், தொப்பியும் போகட்டும். அதே படத்தில் ஒரு மேசை, மேசைமேல் திறந்த புத்தகம் இருக்கிறதல்லவா? அது உண்மை. சகோதர சகோதரிகளே, கற்றுக்கொள்ள உட்காருவதும் பக்திதான். எரோணிமுஸின் வாழ்க்கை முழுவதும் அதற்குச் சாட்சி.

ஸ்திரிதோனில் பிறந்தவர், உரோமையில் தொனாத்துஸ் என்ற பேராசானிடம் இலக்கணம் படித்தவர், சிசரோவைக் கரைத்துக் குடித்தவர். அப்படிப்பட்டவர் தவம் செய்ய சிரியாவின் கால்கிஸ் பாலைநிலத்துக்குப் போகிறார். நோன்பு இருக்கிறார், உடல் மெலிகிறது, மனம் மட்டும் அடங்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? கிறிஸ்தவராகிவிட்ட ஒரு யூதத் துறவியிடம் போய் எபிரேய அரிச்சுவடி கேட்டார். தொண்டையில் சிக்குகிற ஒலிகள். பலமுறை வெறுத்துப்போய் விட்டுவிட்டார், பலமுறை மறுபடி தொடங்கினார். இதை அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிறகு அந்தியோக்கியாவில் குருவானார். உரோமையில் திருத்தந்தை தமாசுஸின் வேண்டுகோளுக்கு இணங்கி நற்செய்திகளின் இலத்தீன் பாடத்தைத் திருத்தினார். ஊரறிந்த அறிஞர். இதற்குமேல் என்ன வேண்டும்? அவருக்குப் போதவில்லை. 386-இல் பெத்லகேமில் குடியேறியதும் பார் ஆனினா என்ற யூத ஆசிரியரைத் தேடிப் பிடித்தார், கூலி கொடுத்தார். அந்த ஆசிரியர் தம் இனத்தாருக்கு அஞ்சி, நிக்கதேம் மாதிரி இரவில் வந்து போனார். யூதனிடமா பாடம் என்று ஏளனம் செய்தார்கள். செய்யட்டும் என்று இவர் உட்கார்ந்து கற்றார். ஏறத்தாழ 390 முதல் 405 வரை பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே இலத்தீனுக்குக் கொண்டுவந்தார்.

தூய ஆவியார் கற்பிக்கும்போது அரிச்சுவடி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தை எடுங்கள். எத்தியோப்பிய அலுவலரின் தேர் அருகே பிலிப்பை அனுப்பியது யார்? ஆவியார்தானே! ஆவியார் அனுப்பியதே ஓர் ஆசிரியரை. இதைவிடக் கனமான மறுப்பு புனித அகுஸ்தினாரிடமிருந்து வந்தது. கிரேக்கத்திலிருந்து வந்த பழைய மொழிபெயர்ப்பு மக்களின் காதில் ஊறிப்போனது, அதை ஏன் கலைக்கிறீர்கள் என்று எழுதினார். ஆப்பிரிக்காவில் ஓயா நகரக் கோவிலில் யோனா ஆகமத்தின் புது மொழிபெயர்ப்பை வாசித்தபோது, நிழல் தந்த செடியின் பெயர் மாறியிருந்தது. மக்கள் கொதித்தார்கள், ஆயர் தம் மந்தையையே இழக்கும் நிலை! அகுஸ்தினாரின் கவலை மேய்ப்பனின் கவலை, அதை அற்பமாக நினைக்கக் கூடாது. திருப்பாடல்களில் திருச்சபையும் அந்தப் பக்கமே சாய்ந்தது, வாய்க்குப் பழகிய பாடத்தையே வைத்துக்கொண்டது. ஆனால் எரோணிமுஸின் பதிலும் உறுதியானது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் எகிப்திலிருந்து மகன் அழைக்கப்படுவதற்கு ஓசேயாவின் மேற்கோள் வருகிறதே, அது எபிரேயத்தில்தான் அப்படி இருக்கிறது. நற்செய்தியாளரே தொட்ட ஊற்றை நாம் தொடக் கூடாதா?

சரி, இவ்வளவு கற்றவருக்கு அவ்வளவு கோபம் ஏன்? நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். இளமைத் தோழர் ரூஃபீனுஸோடு, ஓரிகன் என்ற பழைய இறையியலாளரின் போதனை பற்றிய விவகாரத்தில் மோதினார், அவர் இறந்த பிறகும் எழுத்தில் விடவில்லை. அது குற்றம். திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றியது அந்தக் குற்றத்துக்காக அல்ல. இவ்வளவு செருக்கும் சூடும் உள்ளவர் எழுத்துக் கூட்டக் குனிந்தாரே, அங்கேதான் அருள் வேலை செய்தது என்கிறேன். சாதுவான ஆள் குனிவதில் என்ன அதிசயம்?

இன்னும் ஒரு சாக்கு உண்டு, அதை இந்த மண்டபத்திலேயே கேட்கலாம்: நாங்கள் குடும்பக்காரர்கள், படிப்பு சாமியார்களுக்கு. அம்மா, எரோணிமுஸோடு பெத்லகேமில் வாழ்ந்த பவுலா யார்? ஐந்து பிள்ளைகள் பெற்ற கைம்பெண். எபிரேயம் கற்று, திருப்பாடல்களை எபிரேயத்திலேயே பாடினார். பெண்களுக்குப் போய் எழுதுகிறாரே என்று பழித்தவர்களுக்கு, தெபோராவையும் குல்தாவையும் காட்டி வாயடைத்தார் எரோணிமுஸ். பவுலாவின் மருமகள் லேத்தாவுக்கு அவர் எழுதிய கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செதுக்கிக் கொடு, உன் மகள் விளையாடியபடியே கற்கட்டும் என்கிறார். முதலில் திருப்பாடல்கள், பிறகு நீதிமொழிகள், சபை உரையாளர், யோபு, அப்புறம் கையைவிட்டு இறங்கவே கூடாத நற்செய்திகள் என்று வரிசையும் தருகிறார். பெத்லகேமுக்கு அனுப்பினால் கிழவனான நானே அவளைத் தோளில் சுமந்து, மழலைச் சொற்களைத் திருத்துவேன் என்கிறார். உலகமே அண்ணாந்து பார்த்த அறிஞர் பேசுகிற பேச்சு இது! அந்தப் பேத்தி, சின்ன பவுலா, பின்னாளில் பெத்லகேமுக்கே வந்து சேர்ந்தாள். ஆகவே அடுத்த அன்பியக் கூட்டத்துக்கு யாரும் வெறுங்கையோடு வரக் கூடாது. யோனா ஆகமம், நான்கே அதிகாரங்கள், 48 வசனங்கள். படித்துவிட்டு, புரியாத இடத்தில் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.