வீமன் தோள் தட்டிய சத்தம்

(கொடுமுடியில் ஆடிப்பெருக்கை ஒட்டி நிகழ்த்திய சொற்பொழிவு)

மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் சேவிச்சுட்டு, வன்னி மரத்தடியில இருக்கிற பிரம்மாவையும் கும்பிட்டு வந்திருக்கீங்க. பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுக்கறவங்க அந்த வன்னி இலையைத்தான் காவிரித் தண்ணியில போட்டுக் கொண்டு போறாங்க. அஞ்ஞாதவாசத்துல பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளிச்சு வெச்சதும் வன்னி மரத்துலதான். அது விராட நாட்டு மரம். நம்ம மரம்னு கதை கட்ட மாட்டேன். அந்த ஆயுதத்தை எடுத்தாங்க, ஜெயிச்சாங்க. அப்புறம்? பாரதக் கூத்துல படுகளம் முடிஞ்சதும் நாம பாயைச் சுருட்டிக்கிட்டு எழுந்து போயிடறோம். வியாசர் போகலை.

நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழவர் திருதராஷ்டிரன். பதினைஞ்சு வருஷம் தருமர் அவரை அரண்மனையிலேயே வெச்சுக் காப்பாத்தினார். ராஜ காரியத்துக்கு யோசனை கேட்டார். அவர் மனசு நோக நடக்கறவன் எனக்குப் பகையாளின்னு உத்தரவும் போட்டார். எல்லாரும் அடங்கினாங்க, வீமன் ஒருத்தனைத் தவிர. பெரியப்பா காதுல விழற தூரத்துல நின்னு தோளைத் தட்டுவான். சந்தனம் பூசின இந்தக் கைதான் குருட்டு ராஜா பிள்ளைகளை எமபட்டணம் அனுப்பிச்சதுன்னு சிநேகிதங்ககிட்டப் பேசுவான். காந்தாரியும் கேட்டா, வாயைத் திறக்கலை. தருமருக்கு இது தெரியவே தெரியாது.

வீமனை ஏசாதீங்க. அரக்கு மாளிகையையும் சபையில பிடிச்சு இழுத்த சேலையையும் மறந்துடுன்னு சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

ஜெயிச்சவன் தோத்தவனை எப்படி நடத்தறான்னு நம்ம பக்கத்துலயே பாருங்க. இதே ஆடியிலதான் ஓடாநிலையில தீரன் சின்னமலைக்கு மாலை போடறோம். 1805 ஜூலை 31, சங்ககிரிக் கோட்டையில தூக்கு. அவரோட சண்டை போட்டதும் வெள்ளைக்காரக் கும்பினி, குத்தம் சொன்னதும் கும்பினி, கயிறு மாட்டினதும் கும்பினி. ஏனுங்க, வரப்புத் தகராறுல எதிராளியே நாட்டாமையா உட்கார்ந்தா ஒத்துக்குவீங்களா? 1945-ல உலகப்போர்ல ஜெயிச்ச நாலு நாடும் நூரம்பர்க்ல கோர்ட் வெச்சாங்க. வக்கீல் உண்டு, சாட்சி உண்டு, மூணு பேரை விடுதலையும் பண்ணினாங்க. சங்ககிரிக்கு அது எவ்வளவோ மேல். ஆனா ஹிரோஷிமாவுக்கு யார் கூண்டுல ஏறினாங்க? ஜெயிச்சவன் தன்னைத் தானே விசாரிச்சுக்க மாட்டான். அதனால அவன் கையால முழு நியாயம் கிடைக்கும்னு நான் நம்பலை. கையில அதிகாரம் இருந்தும் தோத்தவனை அவமானப்படுத்தாம இருக்கலாம். அது முடியும். அதுக்கே தருமர் வீட்டுல ஒரு தம்பி இடைஞ்சல்!

கடைசியில கிழவர் காட்டுக்குக் கிளம்பினார். பீஷ்மருக்கும் துரோணருக்கும், செத்த பிள்ளைகளுக்கும் சிராத்தம் பண்ணப் பணம் கேட்டார். துரியோதனன் சிராத்தத்துக்கு நம்ம பணமான்னு வீமன் மறிச்சான். அர்ச்சுனன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். தருமரோ, வீமன் பேச்சை மனசுல வெச்சுக்க வேண்டாம், என் பொக்கிஷத்துல எவ்வளவு வேணுமோ எடுத்துக்கட்டும்னு விதுரர்கிட்டச் சொல்லி அனுப்பிச்சார். துரியோதனனுக்குப் பிண்டம் விழுந்தது பாண்டவன் காசுல.

கிளம்பற அன்னைக்கு முன்னால நடந்தது யார் தெரியுமா? ஜெயிச்சவங்களைப் பெத்த குந்தி. அவ தோளைப் பிடிச்சுக்கிட்டுக் கண் கட்டின காந்தாரி, காந்தாரி தோளைப் பிடிச்சுக்கிட்டுத் திருதராஷ்டிரன். வீமன் ஓடிவந்து, இப்படிப் போறதா இருந்தா எங்களை ஏம்மா சண்டைக்குத் தூண்டினேன்னு அழுதான். நீங்க அடுத்தவன் முகத்தைப் பார்த்துப் பிழைக்கக் கூடாதுன்னுதான் தூண்டினேன், பிள்ளைங்க ஜெயிச்ச ராஜ்யத்தை அனுபவிக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டு, அவங்களோடவே போயிட்டா குந்தி.