கல் என்னும் சொல்

இன்னும் விடியவில்லை. மதகடியில் நீர் விழும் ஓசை.

உட்கார்ந்திருக்கும் கல் சில்லென்று இருக்கிறது.

மூச்சு உள்ளே போகிறது. மீன் வாடை. மூச்சு வெளியே வருகிறது.

*

வருசநாட்டு மலையிலிருந்து வைகை வருகிறது. கம்பம் பக்கமிருந்து முல்லைப்பெரியாறு வருகிறது. 1959 முதல் இரண்டும் இந்த அணையில் நின்றுதான் போகின்றன. கையில் அள்ளுகிறேன். எது எந்த ஆறு என்று தெரியவில்லை.

*

அணைக்குக் கீழே, ஆற்றங்கரையில், புலிமான்கோம்பை. 2006-ல் அங்கே மூன்று நடுகற்கள் கிடைக்கின்றன. தமிழி எழுத்து. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழையவை.

ஒன்று ஆகோள் பூசலில், ஆநிரை கவரும் சண்டையில், இறந்தவனுக்கு நட்டது. தீயன் அந்தவன். பூசல் நடந்தது கூடல் ஊரில்.

அதில் முதல் சொல்: கல்.

*

வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கின் அடி தொண்டையருகே ஒட்டிப் பிரிகிறது. நுனி எழுந்து மேல்பல்லின் அடியில் படிகிறது. அவ்வளவுதான்.

சொல்லித் தந்தது அம்மா. அவளுக்கு அவள் அம்மா. அதற்கு மேல் பெயர்கள் தெரியவில்லை.

*

பலுசிஸ்தானத்தின் வறண்ட மலைகளில் பிராகுயி பேசுகிறார்கள். அவர்கள் வாயிலும் கல்லுக்கு இதே சொல். ககரம் மட்டும் தொண்டையில் உரசி வருகிறது. நீர் அங்கே தீர்.

இடையில் எத்தனையோ ஆறுகள்.

*

1816-ல் மொழி ஆய்வாளர் எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று எழுதுகிறார். நாற்பது வருடம் கழித்துக் கால்டுவெல் அந்தக் குடும்பத்தைத் திராவிடம் என்கிறார். பெயர் வருவதற்கு முன்பே உறவு இருக்கிறது.

2018-ல் ஓர் ஆய்வு, குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டு என்கிறது. அதற்கும் முன்னால் யாரோ குனிந்து ஒரு கல்லைத் தொட்டு, எதையோ சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

*

அந்த வறண்ட மலைகளிலிருந்து வந்தோமா. இங்கிருந்து போனார்களா.

கேள்வி எழுகிறது. சற்று நிற்கிறது. அடங்குகிறது.

*

பரிசல் ஒன்று கரையை விட்டு நகர்கிறது. துடுப்பு நீரைத் தொடுகிறது. எடுக்கிறது. சொட்டுகிறது.

வெளிச்சம் வருகிறது. கல்லில் என் உள்ளங்கை ஈரம். காய்கிறது.

*

நடுகல்லில் உள்ள அந்தப் பெயரில், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது.

மதகைத் தாண்டிய ஆறு புலிமான்கோம்பை வழியாகத்தான் மதுரைக்குப் போகிறது.