குழந்தையின் படமும் பொய்யாமையும்



தங்கவயலை அடுத்த பூதிகோட்டையில் ஓர் உபாசகர் இல்லத்திற்கு யாம் சென்றிருந்தோம். அவர் தம் மூன்று வயது மகளின் புகைப்படத்தைக் கைப்பேசியில் ஆவலுடன் காட்டினார். சாம்பியன் ரீப்ஸில் பாட்டனார் வாழ்ந்த லைன் வீட்டின் முன் எடுத்த படம் அது. ஆயின் குழந்தையின் கருநிறம் வெளுக்கப்பட்டிருந்தது. நெற்றித் தழும்பு மறைந்திருந்தது. தகரக் கூரை நீங்கி அவ்விடத்தே மலர்த் தோட்டம் தோன்றிற்று. மடியிலிருந்த குழந்தையோ, “இந்தப் பாப்பா யாருப்பா?” என்றது. தந்தையார் நகைத்தார். எமக்கு நகை வரவில்லை. பெற்றோர் தம் மக்களின் படத்தைத் திருத்துதல் முறையோ என்னும் வினாவே எழுந்தது.

பகவன் புத்தர் தம் மைந்தன் இராகுலனுக்குப் பொய்யாமையை உபதேசித்த வரலாறு மச்சிம நிகாயத்தில் உள்ளது. விளையாட்டிற்கேனும் பொய் கூறலாகாது என்று உணர்த்திய பெருமான், கண்ணாடி எதன் பொருட்டு என வினவினார். பார்த்தற்பொருட்டு என்றான் மைந்தன். அங்ஙனமே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் பார்த்துத் தெளிக என்றருளினார். நாம் நம் மக்கள் கையிற் கொடுக்கும் படமும் ஒரு கண்ணாடியே யன்றோ?

திருத்தம் யாவும் பொய்யோ எனின், அன்று. முற்காலத்தில் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனத்தார் வழங்கிய ‘ஷெர்லி’ அட்டையில் வெள்ளைநிறப் பெண்ணின் உருவமே இருந்தது. அதனையே அளவாகக் கொண்டமையால் கரிய முகங்கள் இருளில் மூழ்கின. அத்தகைய முகத்தைக் கண் கண்டவாறே ஒளியூட்டி மீட்பது மெய்க்குச் செய்யும் தொண்டாம். கண் கண்டதை மீட்பது வேறு. கண் கண்டதை மறைப்பது வேறு.

“அன்பினாற் செய்தோம், எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை” என்பர் சிலர். தேரவாத உரையாசிரியர் பொய்க்கு நான்கு உறுப்புக்கள் கூறுவர்: பொருள் உண்மையல்லாதிருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்குரிய முயற்சி, பிறர் அதனை அவ்வாறே உணர்தல். இரண்டாம் உறுப்பு இல்லையென்றே கொள்வோம். ஆதலின் சீலம் குன்றிற்றென யாம் கூறோம். ஆயினும் நான்காம் உறுப்பு பிற்காலத்தே நிகழும். கிம்பர்லி வேட் முதலிய ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் காண்க. வெப்பக்காற்றுப் பலூனில் ஏறாத 20 பேருக்கு, இளமையில் ஏறியதுபோற் புனைந்த படங்களைக் காட்டினர். அவர்களுட் பாதிப்பேர் அந்நிகழ்ச்சியை முழுதாகவோ சிறிதாகவோ நினைவுகூர்ந்தனர்! வளர்ந்தோரே இங்ஙனம் மயங்குவராயின், படத்தையன்றி வேறு சான்றில்லாத மழலைப் பருவத்தை நம் மக்கள் எங்ஙனம் அறிவர்?

நிறத்தை வெளுப்பதில் இன்னும் பெரிய கேடுண்டு. அயோத்திதாச பண்டிதர் 1898இல் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயலிலும் கிளைத்துப் பிறப்பால் இழிவில்லை என்று முழங்கிற்று. புல்லுக்கும் பறவைக்கும் உள்ளதுபோல் மனிதருள் பிறப்புக்குறி வேற்றுமை இல்லையென்பது வாசெட்ட சூத்திரத்தின் கருத்து. இதனை வாயால் ஓதிவிட்டுக் குழந்தையின் நிறத்தை விரலால் அழித்தல் தகுமோ? “நீ உள்ளவாறு போதாய்” என்று அதற்குக் கற்பிப்பவர் பிறரல்லர், பெற்றோரே!

அத்தகரக் கூரையும் அவ்வாறே. அதன்கீழ் உறங்கியோர் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்த சுரங்கத்துட் சென்று பொன் அகழ்ந்தனர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அவர் உழைப்பிற்குச் சான்றாய் எஞ்சியவை சிலவே. அவற்றுள் ஒன்றை நாமே துடைத்தல் நன்றன்று.

ஆதலின் அன்பர்காள், படத்தைத் திருத்துமுன், “இதனால் என் குழந்தையைத் தெளிவாய்க் காண்பேனோ, காணாதிருக்க விழைகின்றேனோ?” என்று வினவுங்கள். விளையாட்டிற்கு மலர்த் தோட்டம் வேண்டின் அமையுங்கள்; அது விளையாட்டே எனக் குழந்தைக்குக் கூறுங்கள். மூலப் படத்தை மட்டும் அழியாதீர். தழும்போடும் தன் நிறத்தோடும் நிற்கும் அக்குழந்தையைக் கண்டு உவப்பதே மெய்யன்பு.

எல்லா உயிரும் இன்புறுக.