நாணயம் யார் பக்கம்?

பல்லாண்டு ஸபர் முடித்து வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரர்கள், “எந்த வங்கி நம்பிக்கையானது?” என்று நம்மிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 2020 முதல், வங்கி முறிந்தால் ஒருவருக்குக் காப்புறுதி 5 லட்சம் ரூபாய் வரைதான்.

ஆனால், நாம் நம்பிக்கையானவர்களா? நிரந்தரமாகத் திரும்பியவர் என்.ஆர்.ஈ. கணக்கை அப்படியே வைத்திருக்கலாகாது. வங்கியில் சொல்லி மாற்ற வேண்டும் என்பது சட்டம். வரியில்லா வட்டிக்காகத் திரும்பியதை மறைப்பவர், வட்டியோடு பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறார்.

ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் அமானிதம் கொண்டு வந்தால், தொலைந்துவிடுமோ என்றஞ்சி, அதைக் கடனாகவே பொறுப்பேற்றார்கள். பிறர் பொருளில் அவ்வளவு பேணுதல்!

வட்டியில்லாத நடப்புக் கணக்கு இருக்கிறது. உள்ளதைச் சொல்லி அதைத் திறப்போம். ஹலாலாக ஈட்டியதை ஹலாலாகவே காக்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.